வலி எடுக்கும் நாளுக்காக மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. “ஊசி மருந்து எதுவும் போட்டுக்கொள்ளாமல் என்னால் வலியைத் தாங்க முடியுமா அம்மா?” என்று நீ கேட்டாய். “எல்லாம் முடியும், பயப்படாதே” என்று சொல்லிவிட்டு, கால் வீக்கம் வடிந்ததா என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறையில் செவிலியாக நின்றவள் பெற்ற மகளுக்குச் சொல்லக்கூடிய பதில் அதுவல்ல. பயப்படாதே என்ற சொல்லைக் கேட்டு யாருடைய பயமும் தெளிந்ததாக நான் கண்டதும் இல்லை. உனக்கு இது 34-ஆவது வாரம். இன்னும் ஐந்தாறு வாரங்கள் கையில் இருக்கின்றன. சில காரியங்களை உடம்புக்குப் பழக்கிக்கொள்ள அவ்வளவு நாள் போதும். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. இதில் பாதி அவருக்காகவே எழுதியது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெறுவதற்கு முன்பே நான் நான்கு ஆண்டுகள் பிரசவ அறையில் வேலை பார்த்திருந்தேன். வலியில் கத்துகிற பெண்களை அந்த நான்கு ஆண்டுகளும் அதட்டியிருக்கிறேன். “கத்தினால் தெம்பெல்லாம் போய்விடும், பிறகு எப்படி முக்குவாய்?” என்று மூத்த செவிலியர்கள் கேட்டதை நானும் கேட்டேன். எனக்கு வலி எடுத்தபோது, வேலை பார்த்த ஊரைவிட்டு வேறோர் ஊரில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். உன் அப்பாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். குறுகலான கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அடுத்த வலி எப்போது வரும் என்று அதன் முள்ளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான்கு ஆண்டுகளில் படித்ததும் பார்த்ததும் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை.

தரையைத் துடைக்க வந்த வயதான ஆயா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை வாளியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்தார். வலி ஏறும்போது அழுத்தினார். இறங்கும்போது கையை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. வலி மறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதுவரை உடம்பு முழுவதும் பரவிக் கிடந்த ஒன்றுக்கு அந்தக் கை ஓர் எல்லை போட்டுக்கொடுத்தது. இருபது நிமிடம் இருந்திருப்பார். பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டார். அவர் போன பின் வந்த முதல் வலி, அதற்கு முன் வந்த வலிகளைவிடப் பெரியது அன்று. ஆனால் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிரசவ வலியைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு எந்தப் பெண்ணையும் நான் அதட்டியதில்லை.

அந்தக் கை செய்த வேலைக்குக் காரணம் உண்டு. முழங்காலை எதிலாவது இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்த்துவிடுகிறோம். தேய்த்தால் வலி சற்று அடங்குகிறது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி முதுகுத்தண்டின் வழியாக மூளைக்கு ஏறுகிற இடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோல் எண்ணிக்கொள். தொடுதல், அழுத்தம் ஆகிய செய்திகள் தடித்த நரம்புகளில் விரைந்து வந்து சேரும்போது அந்த வாயில் ஓரளவு சாத்திக்கொள்கிறது. மூளையிலிருந்து கீழிறங்குகிற செய்திகளும் அதைத் திறக்கவோ சாத்தவோ செய்கின்றன என்றார்கள். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டிருந்தாலும், மூளை வலியைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லை, கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை நின்றுவிட்டது. அச்சமும் தனிமையும் வாயிலை அகலத் திறக்கின்றன. கையின் அழுத்தமும் வெந்நீரும், பழகிய குரலும், அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவும் அதைச் சிறிது சிறிதாகச் சாத்துகின்றன. மருந்தில்லாத வழிகள் என்று நான் சொல்லப்போகிற எல்லாமே ஏறக்குறைய இந்த ஒன்றின் கிளைகள்தாம்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள். முதல் கட்டத்தில் கருப்பை சுருங்கிச் சுருங்கிக் கருப்பையின் வாயை மெல்ல இழுத்துத் திறக்கிறது. அந்தச் செய்தி, மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்குகிற இடத்தில் முதுகுத்தண்டுக்குள் நுழைவதால், வலி அடிவயிற்றிலும் இடுப்பைச் சுற்றியும் நடு முதுகுக்குக் கீழும் தெரியும். குழந்தையின் தலை கீழே இறங்கும் இரண்டாம் கட்டத்தில் பிறப்புவழியும் அதைச் சுற்றியுள்ள தசைகளும் விரிகின்றன. அந்த வலி கூர்மையானது, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடியது. இரண்டும் வேறு வேறு வலிகள். முதலாவதற்கு உதவியது இரண்டாவதற்கு உதவாமல் போகலாம். ஒன்று பலிக்கவில்லை என்றால் மனம் தளராமல் அடுத்ததற்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி ஒரு கணக்கு. வலி நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு முறை கருப்பை சுருங்கும். ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நீடிக்கும். நான்கு முறை என்றே வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் வலி; மீதி ஆறு நிமிடம் வலி இல்லை. அந்தக் கட்டிலில் கிடந்தபோது இந்த ஆறு நிமிடங்களை நான் அடுத்த வலிக்குப் பயந்தே செலவழித்தேன். அதாவது வலி இல்லாத நேரத்திலும் வலியையே அனுபவித்தேன். உன்னிடம் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றுதான்: இடைவெளியை வலிக்குக் கொடுத்துவிடாதே. வலி இறங்கியதும் தோளைத் தளர்த்து, தாடையைத் தளர்த்து, ஒரு வாய் தண்ணீர் குடி, கண்ணை மூடு. இடைவெளியிலேயே குறட்டைவிட்டுத் தூங்கி, அடுத்த வலிக்கு விழித்து, மறுபடி தூங்கிய பெண்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவேளை பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்தாலோ, இடைவெளியே இல்லாமல் வயிறு கல்லைப்போல் இறுகியே இருந்தாலோ, அதைப் பொறுத்துக்கொள்ளாதே. உடனே செவிலியிடம் சொல்.

அச்சத்தைப் பற்றி எழுதிய முன்னோடி கிரான்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். பயந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் மேலும் பயம் வருகிறது என்று 1930-களிலும் 1940-களிலும் அவர் எழுதினார். இந்தச் சுழல் உண்மை. பயத்தின்போது சுரக்கும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினின் வேலைக்குத் தடையாக நிற்கக்கூடும். வெளிச்சமும் கூச்சலும் முன்பின் தெரியாத ஆட்களும் நிறைந்த அறைக்கு வந்தவுடன் சில பெண்களுக்கு வலி சற்று நின்றுவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் இதை நீட்டி, பயத்தை விட்டுவிட்டால் வலியே இருக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதே. பயமே இல்லாத பெண்ணுக்கும் வலிக்கும். வலித்தால் பயந்ததால்தான் என்று பொருள் கொண்டு, வலியோடு குற்ற உணர்வையும் சுமக்க வேண்டிய நிலைக்கு அந்தப் பேச்சு கொண்டுபோய்விடுகிறது.

மூச்சுப் பயிற்சிக்கு வருகிறேன். ஃபெர்னான் லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1951-இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, முன்கூட்டியே பயிற்சி பெற்ற பெண்கள் பிரசவிப்பதைக் கண்டு, அந்த முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரால் பின்னாளில் வழங்கிய வேகமான மூச்சுகளை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன். நான் கற்றுக்கொடுத்தது மிக எளியது. வலி ஏறத் தொடங்கும்போது மூக்கால் ஒரு மூச்சை இழுத்து, வாயால் நீளமாக விடு. அந்த முதல் மூச்சு, இதோ ஒன்று தொடங்குகிறது என்று உடம்புக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லும் அடையாளம். பிறகு உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, அது தானாக வரும். வெளியே விடுவதை மட்டும் கவனி. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். இவ்வாறு மெதுவாக விட்டால் ஒரு வலிக்கு எட்டுப் பத்து மூச்சு ஆகும். ஐந்தாவது, ஆறாவது மூச்சு அளவில் வலி உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மூச்சை எண்ணுவது நல்லது. எண்ணிக்கை முடிவை நோக்கி நகர்வது உனக்கே தெரியும்.

ஒலி எழுப்ப வேண்டும் என்று தோன்றினால் எழுப்பு. வெட்கப்படாதே. ஒன்றை மட்டும் கவனி: தொண்டையை இறுக்கிக் கீச்சென்று மேலே போகும் குரல் உடம்பை இறுக்கும், வயிற்றிலிருந்து எழும் தாழ்ந்த ‘ஆ’, ‘ஓ’ என்ற முனகல் தாடையையும் அதோடு உடம்பையும் தளர்த்தும். நான் அதட்டிய அந்தப் பெண்களில் பலர் தாமாகவே இந்த முனகலைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை நான்தான் நிறுத்தச் சொன்னேன். மூச்சு மிக வேகமாகிவிட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு வரும், தலை சுற்றும். உடம்பிலிருந்து கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுவதன் அறிகுறி அது. அப்போது மாப்பிள்ளை உன் முகத்துக்கு நேரே வந்து தன் மூச்சை மெதுவாக விட்டுக் காட்டட்டும். அவரைப் பார்த்து நீயும் விடு. ‘மெதுவாக மூச்சு விடு’ என்று அவர் வாயால் சொல்வதைவிட அது பல மடங்கு பயன்படும்.

இந்தப் பகுதி மாப்பிள்ளைக்கு. அவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இடுப்பின் பின்புறம், இரு பக்கமும் தெரிகிற இரண்டு சிறு குழிகளை. அந்தக் குழிகளுக்கு நடுவிலும் சற்றுக் கீழும் இருக்கிற தட்டையான எலும்புதான் இடம். உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, முழங்கையை மடக்காமல், தன் உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும்; கைப்பலத்தால் அழுத்தினால் அரை மணியில் அவர் சோர்ந்துவிடுவார், வேலையோ பல மணி நேரம் இருக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை நீதான் சொல்ல வேண்டும்; பெரும்பாலான பெண்கள் கணவர் எண்ணுவதைவிட அதிக அழுத்தம் கேட்பார்கள். இன்னொரு முறையில், நீ கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்க, அவர் பின்னாலிருந்து இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் இரு பக்கத்துச் சதைப்பகுதியில் வைத்து உள்நோக்கியும் சற்று மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். வலி தொடங்குவதற்கு முன்பே கை அங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். உச்சிக்கு வந்த பிறகு தேடிக்கொண்டிருந்தால் பயனில்லை. நடுவில் உனக்குத் திடீரென்று தொடுவதே பிடிக்காமல் போகலாம். ‘கையை எடுங்கள்’ என்று நீ எரிந்து விழுந்தால் அவர் கையை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். மனம் நொந்து வெளியே போய்விடக் கூடாது.

வெந்நீர்ப் பையை இடுப்பிலோ அடிவயிற்றிலோ வைத்துக்கொள்வதும் நல்ல உதவி. துணி சுற்றியிருக்க வேண்டும்; வைக்கும் முன் அவர் தன் முன்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டால் மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

மல்லாந்து மட்டும் படுக்காதே. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை, உடம்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அமுக்குகிறது. உனக்குத் தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். முதல் கட்டத்தில் நிமிர்ந்தும் நடமாடியும் இருந்த பெண்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே குறைந்ததாகவும், முதுகில் போடும் ஊசியை அவர்களில் குறைவானவர்களே கேட்டதாகவும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நட, வலி வரும்போது சுவரிலோ அவர் தோளிலோ சாய்ந்து இடுப்பை இப்படியும் அப்படியும் அசை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகில் தலை வைத்துக்கொள். பெரிய காற்றுப் பந்து இருந்தால், தொடைகள் தரைக்கு இணையாகவோ இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாகவோ இருக்கும்படி உட்கார்ந்து மெல்ல வட்டமாக ஆடு; வழுக்காத தரை வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். களைத்துவிட்டால் இடது பக்கமோ வலது பக்கமோ ஒருக்களித்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்துக்கொள். அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்று. வசதியாக இருப்பது எது என்று உன் உடம்பே சொல்லும், அதைக் கேள்.

சிலருக்கு வலி முழுவதும் முதுகிலேயே இறங்கும். இடைவெளியிலும் முழுமையாக விடாது. குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்பை ஒட்டி நிற்கும்போது இப்படி அடிக்கடி நடக்கிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலையில் இருந்தால் எடை முன்பக்கம் விழுவதால் முதுகுக்கு ஆறுதல் கிடைக்கும். அதே நிலையில் அவர் அழுத்திவிடவும் முடியும். இதற்கென்றே இன்னொரு வழியும் உண்டு: இடுப்பின் பின்புறம் நான்கு இடங்களில், தோலுக்குள் மட்டும், கிருமி நீக்கிய வெறும் தண்ணீரைத் துளித்துளியாக ஊசியால் ஏற்றுவார்கள். அரை நிமிடம் குளவி கொட்டியதுபோல் எரியும். பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முதுகுவலி அடங்கியிருக்கும். அதில் மருந்து எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், கேட்டு வை.

எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள இன்னொன்று தண்ணீர். பிரசவத் தொட்டி இருக்கிற இடமானால், வலி நன்றாகப் பிடித்த பிறகு மார்பளவு நீரில் இறங்கியிரு. உடம்பின் எடை குறைந்ததுபோல் இருக்கும், திரும்பவும் அசையவும் எளிதாகும். முதல் கட்டத்தில் நீரில் இருந்த பெண்களில் முதுகு ஊசி கேட்டவர்கள் குறைவு என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நீரின் சூடு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. உன் உடம்பு சூடானால் குழந்தைக்கும் சூடு ஏறும். தொட்டி இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஷவர் நீரை இடுப்பின் மேல் விழவிட்டால் போதும். நாங்கள் அப்படி உட்காரவைத்த ஒரு பெண் இரண்டு மணி நேரம் எழவே மறுத்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருந்தால், அல்லது குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கவனிக்க வேண்டியிருந்தால், தண்ணீரில் இறங்குவதா என்பதை அங்கிருப்பவர்கள் சொல்கிறபடி செய்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஒட்டி மெல்லிய மின்னதிர்வு தரும் டென்ஸ் கருவி, வீட்டில் இருக்கும் ஆரம்ப மணி நேரங்களில் சிலருக்குப் பிடிக்கிறது. வலி முற்றிய பிறகு பெரிதாக உதவுவதாகச் சான்று இல்லை, தண்ணீருக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது. இசை பிடித்தால் கேள். வாசனைத் தைலங்களை நான் நம்பியதில்லை. வலியின் நடுவில் அவை சிலருக்குக் குமட்டலைத்தான் தந்தன. தன்னைத் தானே ஆழ்ந்த தளர்வுக்குக் கொண்டுபோகும் ஹிப்னாஸிஸ் பயிற்சி, மாதக்கணக்கில் பழகியவர்களுக்கு அமைதி தருவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வாரத்தில் தொடங்குவதானால் மூச்சையும் தளர்வையும் நன்றாகப் பழகுவதே மேல்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது துணை. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகிய மருத்துவர்களும் உடன் பணியாற்றியவர்களும் குவாத்தமாலாவில் ஓர் ஆய்வு நடத்தி 1980-இல் வெளியிட்டார்கள். தனியாகப் பிரசவ அறைக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண்ணைத் துணையாக உட்காரவைத்தார்கள். கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது, பேசுவது, இவ்வளவுதான் அவள் வேலை. துணை இருந்தவர்களுக்குச் சேர்க்கையிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 8.8 மணி நேரம் ஆனது, துணையில்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். அது சிறிய ஆய்வு; அவ்வளவு பெரிய வேறுபாட்டை எங்கும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோதும், இடைவிடாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும், சிசேரியனும் வலிமருந்தும் குறைவாகவும் இருந்தன. பெண் விரும்புகிற ஒருவர் பிரசவம் முழுவதும் உடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் சொல்லியிருக்கிறது. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் தரை துடைக்க வந்த அந்த ஆயாவின் கைதான் என் நினைவுக்கு வரும்.

ஆகவே, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது கேட்டு வர வேண்டியவை சில உண்டு: மாப்பிள்ளை முழு நேரமும் என்னுடன் இருக்கலாமா, நான் நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா, குழந்தையின் துடிப்பை விட்டுவிட்டுக் கவனிப்பீர்களா இடைவிடாமலா, குளியலறையைப் பயன்படுத்தலாமா. பதிலை எழுதி வைத்துக்கொள். அவரும் சாப்பிடவும் சற்றுக் கண்ணயரவும் வேண்டும். அந்த நேரத்துக்கு மாற்றாக இன்னொருவரை இப்போதே சொல்லி வை.

ஆரம்ப வலி மணிக்கணக்கில், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீளும். அப்போதே எல்லாத் தந்திரங்களையும் செலவழித்துவிடாதே. சாப்பிடு, தூங்கு, வேறு வேலையைப் பார். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி முழுமையாகப் பிடித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது; அதிலிருந்து முதல் குழந்தைக்கு வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லையே என்று கலங்கவும் வேண்டாம். அந்தப் பழைய அளவுகோலை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். முழுமையாகத் திறப்பதற்குச் சற்று முன்பு ஒரு கட்டம் வரும். உடம்பு நடுங்கும், வாந்தி வரலாம், “இனி என்னால் ஒரு நிமிடமும் முடியாது, வீட்டுக்குப் போகலாம்” என்று தோன்றும். அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரும்போது பெரும்பாலும் மிகப் பெரிய பகுதி முடிந்திருக்கும் என்பதை மாப்பிள்ளை நினைவில் வைத்துக்கொண்டு உனக்குச் சொல்ல வேண்டும். பிறகு முக்கும் உணர்வு தானாக வரும். தலை வெளியே வரும் நேரத்தில் பிறப்புவழியின் ஓரத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கேள். எரிச்சல் தணிவதோடு ஆழமான கிழிசலும் குறைகிறது. அப்போது முக்காதே என்பார்கள். சுடரை அணைக்காமல் அசைக்க மட்டும் ஊதுவதுபோல் சின்னச் சின்னதாக மூச்சை விடு.

இனி, நீ கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். ஊசி இல்லாமல் முடியுமா? முடியலாம், பலருக்கு முடிகிறது. முடியாமலும் போகலாம். வலி வருவதற்காக மருந்து ஏற்றினால் வலி இயல்பைவிட வலுவாகவும் நெருக்கமாகவும் வரும். இரண்டு இரவு தூங்காதவளுக்குச் சிறிய வலியும் பெரிதாகும். முதுகிலேயே நிற்கும் வலி எந்தக் கைக்கும் அடங்காமல் போகலாம். வலியை அடக்குவதில், முதுகில் போடும் எபிடியூரல் ஊசிக்கு இணையாக நான் மேலே எழுதியவற்றில் ஒன்றும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இவை வலியை அகற்றுவதில்லை. வலியோடு இருக்க இடம் செய்துகொடுக்கின்றன. அந்த இடம் உனக்குப் போதவில்லை என்றால் ஊசியைக் கேள். கேட்பதற்கு முன் யாருடைய முகத்தையும் பார்க்காதே, என் முகத்தையும் நினைக்காதே. ஊசிக்குப் பிறகும் மூச்சும் துணையும் நிலை மாற்றுவதும் வேண்டியிருக்கும். பழகியது எதுவும் வீணாகாது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தாலும் அந்த மேசையில் நீ விடப்போவது இதே மூச்சைத்தான்.

எந்த மூச்சாலும் அழுத்தத்தாலும் சமாளிக்க முயலக் கூடாதவை உண்டு. இரத்தப்போக்கு, பனிக்குடத்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, குழந்தையின் அசைவு குறைவது, கடுந்தலைவலியோடு கண் மங்குவது, காய்ச்சல், 37 வாரம் நிறையும் முன்பே வலி எடுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போ. கால் வீக்கத்தை நான் கேட்டதும் பேச்சை மாற்றுவதற்காக மட்டும் அன்று. முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நீ நாற்காலியில் திரும்பி உட்கார். மாப்பிள்ளை ஒரு நிமிடம் கணக்கு வைத்து அழுத்தட்டும். நீ பத்து மூச்சு விடு. பிறகு இரண்டு நிமிடம் இருவரும் சும்மா இருங்கள். மறுபடி ஒரு நிமிடம். சும்மா இருக்கிற அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட வேண்டாம், அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

என்னால் அந்த நாளுக்கு வந்து சேர முடியுமா என்பது உனக்கு எந்த நாளில் வலி எடுக்கிறது என்பதைப் பொறுத்தது; 38-ஆவது வாரத்துக்குத்தான் பயணச்சீட்டு கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே வலி எடுத்தால் எந்நேரமானாலும் கூப்பிடு. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தலைமாட்டில் வைக்கச் சொல், நீ விடுகிற மூச்சை நான் இங்கிருந்து எண்ணுகிறேன். இன்றிரவு மாப்பிள்ளை அந்த இரண்டு குழிகளையும் கண்டுபிடித்தாரா, எவ்வளவு அழுத்தினால் உனக்கு இதமாக இருந்தது என்று நாளைக் காலையில் எழுது.

அன்புடன்,
அம்மா